பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளையும் கெம்பஸ் போகலாம்

பெற்றோர்களே, "பிள்ளை நல்லாப் படிக்குது, பிறப்புப் பதிவுதான் இல்ல" என்று சொல்கிற வீடுகள் நம் லயங்களில் இன்னும் உண்டு. ஓ.எல். பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்பார்கள். 15 வயதானதும் பாடசாலை அதிபர் மூலம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவை. ஆகவே 9ஆம் தரத்திலேயே வேலையைத் தொடங்குங்கள்.

பிறந்து 3 மாதம் கடந்திருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் "காலங்கடந்த பதிவு" என்று கேளுங்கள். கிளினிக் அட்டை, பாடசாலைப் பதிவு, ஞானஸ்நானச் சீட்டு, சாதகம், எது இருந்தாலும் கொண்டு போங்கள். ஒருநாள் பேரு போகும்தான், என்ன செய்வது! பெயரைத்தான் நல்லாப் பாருங்க. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், செக்ரோலில் தகப்பன் பெயர் வேறு எழுத்தில். இதனாலேயே பலர் திரும்பி வருகிறார்கள்.

"நமக்குப் பிரஜாவுரிமை இருக்கா?" என்று பயப்பட வேண்டாம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வாழும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தந்துவிட்டது.

அரசாங்கக் கெம்பஸில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. கைச்செலவுக்கு மஹாபொல புலமைப்பரிசில் உண்டு. அது கிடைக்காவிட்டால் பேர்சரி கேட்கலாம். இரண்டுக்கும் குடும்ப வருமானம் பார்ப்பார்கள். சம்பளச் சீட்டுகளை அடுப்பில் போடாமல் எடுத்து வையுங்கள்.