பகு எண் என்று தெரியும், காரணி தெரியாது

147573952589676412927. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 21 இலக்க எண் இது. இதைச் சுற்றி வளர்ந்த தவறான எண்ணங்கள் இன்னும் உலவுகின்றன.

நம்பிக்கை: அடுக்கு பகா எண்ணாக இருந்தால், விடையும் பகா எண்ணே.

2⁵ − 1 = 31, 2⁷ − 1 = 127 என்று பார்த்துக்கொண்டே வந்தால் அப்படித்தான் தோன்றும். 2¹¹ − 1 அந்த எண்ணத்தை உடைத்துவிடுகிறது: 2047 = 23 × 89. பிரான்ஸ் நாட்டுத் துறவி மெர்சென் இதை அறிந்தவர்தான். ஆனாலும் பகா எண் தரும் அடுக்குகள் என்று 1644இல் அவர் தந்த பட்டியலில் 67ஐயும் 257ஐயும் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார்.

நம்பிக்கை: காரணியைக் காட்டாமல் ஓர் எண்ணைப் பகு எண் என்று நிறுவ முடியாது.

பள்ளியில் நாம் வகுத்து வகுத்தே பழகியதால், இந்த எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. ஆனால் 1876இலேயே லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல், 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்று நிறுவினார்.

அவர் காட்டிய வழியை லேமர் என்ற கணிதர் பின்னாளில் எளிமையாக்கினார். அதை நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள்; சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்தால் போதும். 31க்கு: 4, 14, பிறகு 194இன் மீதி 8, பிறகு 62இன் மீதி 0. பூச்சியம் வந்தால் பகா எண். 2047க்கு ஒன்பது முறை செய்தால் கடைசியில் நிற்பது 1736. ஆகவே அது பகு எண். 23, 89 என்ற எண்கள் இந்தக் கணக்கில் எங்குமே தலைகாட்டவில்லை. எனக்கு எண் கோட்பாட்டின் மிக அழகான இடங்களில் இதுவும் ஒன்று.

நம்பிக்கை: கோல் மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தார்.

1903 அக்டோபர் 31 அன்று, அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் நியூயார்க் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற கணிதர் 2⁶⁷ − 1இன் காரணிகளை முன்வைத்தார்:

193707721 × 761838257287

அவர் வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார், அரங்கம் கைதட்டியது என்ற கதையும், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும் எரிக் டெம்பிள் பெல் 1951இல் வெளியிட்ட நூல் வழியே பரவியவை. கதைக்குச் சுவை கூட்டுபவர் என்று பெயர் பெற்றவர் பெல் என்பதால், இதை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் வாசிப்பேன்.

கோலின் கட்டுரை அச்சில் இருக்கிறது. அவர் கண்மூடித்தனமாக வகுத்துக்கொண்டே போகவில்லை. வர்க்க மீதிகளைக் கொண்டு, காரணியாக வர முடியாதவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கழித்துக்கட்டினார். அதற்கும் முன்பே ஒரு சலுகை உண்டு. இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134ஆல் வகுத்தால் மீதி 1தான் வரும். 193707721ஐ வகுத்துப் பாருங்கள்: ஈவு 1445580, மீதி 1. இந்தச் சலுகையோடு நின்றிருந்தாலும் பதினான்கு லட்சத்துக்கு மேல் எண்களைச் சோதிக்க வேண்டியிருந்திருக்கும். கோலின் உழைப்பைவிட, அந்தக் குவியலைச் சுருக்கிய அவருடைய யோசனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

லூக்காவுக்கும் கோலுக்கும் நடுவே 27 ஆண்டுகள். வேறோர் எண்ணுக்கு அந்தக் காத்திருப்பு இன்னும் முடியவில்லை. 385 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷⁷ − 1 பகு எண் என்பது உறுதியாகி நெடுங்காலமாகிறது. கணினிகள் வந்த பிறகும் அதன் காரணிகளில் ஒன்றுகூட அகப்படவில்லை.