இதழைத் தோற்றியவர் இதழை நீங்கிய வரலாறு

அண்ணன் தம்பியரும் நண்பரும் கூட்டாகப் பனியன் கம்பெனி தொடங்குவதும், சில ஆண்டுகளில் பாகம் பிரிந்து வேறு பெயர்ப்பலகை மாட்டுவதும் திருப்பூரில் நாம் நாளும் காணும் காட்சி. பிரிவுக்குக் காரணம் பெரும்பாலும் கணக்கே. கொள்கை வேறுபாட்டால், தாமே தோற்றுவித்த நிறுவனத்தை விட்டு நீங்கியவர் மிகச் சிலர். அவருள் தமிழ் மாணவர் முதற்கண் அறியத்தக்கவர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

1855-இல் திருவையாற்றில் பிறந்த ஐயர் ஆசிரியத் தொழில் புரிந்தவர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகத் தி. முத்துசாமி ஐயர் அமர்த்தப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் இகழ்ந்தன. மறுமொழி கூற நம்மவர்க்கு ஓர் ஏடு இல்லையே என வருந்திய இளைஞர் அறுவர், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் பெற்று, 1878 செப்டம்பர் 20-இல் 'தி இந்து' வார இதழின் 80 படிகளை அச்சிட்டனர். அறுவருள் நால்வர் சட்ட மாணவர். படிப்பு முடிந்ததும் விலகினர். எஞ்சியவர், ஆசிரியராகிய ஐயரும் நிருவாகம் நோக்கிய எம். வீரராகவாச்சாரியாரும். 1889-இல் அது நாளேடாயிற்று.

அதே ஆண்டில் ஐயர், இளமையிலேயே கணவனை இழந்த தம் மூத்த மகளுக்கு மறுமணம் செய்வித்தார். உற்றார் ஒதுக்கினர். குழந்தை மணத்தையும் கைம்மைக் கொடுமையையும் அவர் கடுமையாகச் சாடி எழுதியது வாசகர் பலர்க்குக் கசந்தது. இதழுக்கு அவதூறு வழக்குகளும் பணமுடையும் நேர்ந்தன. வீரராகவாச்சாரியாரைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் காகிதக் கடைக்கும் அச்சுக்கோப்பவர்க்கும் பணம் தரும் பொறுப்பு நிருவாகியினுடையது என்பதை மறத்தல் முறையன்று.

1898-இல் கூட்டு முறிந்தது. இருபதாண்டு வளர்த்த இதழைக் கூட்டாளியிடம் விட்டு ஐயர் வெளியேறினார். வெறுங்கையராக அன்று, 1882-இலேயே அவர் தொடங்கியிருந்த தமிழ் வார இதழாகிய 'சுதேசமித்திரன்' அவரிடம் இருந்தது. மறு ஆண்டே அதனை நாளேடாக்கினார். 1904-இல் பாரதியார் பணியில் அமர்ந்ததும் அவ்விதழிலேதான். ஆங்கில ஏட்டை அவர் நீங்காதிருப்பின் தமிழ் உரைநடைக்கு இப்பேறு கிட்டியிருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. 'இந்து'வோ நலிவுற்று, 1905-இல் 75,000 ரூபாய்க்குக் கஸ்தூரி ரங்க ஐயங்காரிடம் கைமாறியது.

நம் காலத்துக் கணினித் துறையிலும் இதற்கு ஒப்பு உண்டு. இன்று நம் ஊரில் ஆர்டரும் அளவும் சாய நிறமும் பேசப்படும் வாட்ஸ்அப்பைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரான பிரையன் ஆக்டன், 2014-இல் அதனை வாங்கிய ஃபேஸ்புக் அதில் விளம்பரம் புகுத்த முனைந்ததை ஏலாது, 2017-இல் விலகினார். கைக்கு வரவிருந்த ஏறத்தாழ 85 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை அதனால் இழந்தார்.

வருங்காலத்தில் கூட்டாளிகளாகவிருக்கும் மாணவர் ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதற்கு முன்பே, "இந்நீரை ஆற்றில் விடேன்" என்று ஒரு கூட்டாளி சொல்லியிருந்தால் அவர்க்கு இருந்த வழி யாது? உள்ளிருந்து வாதிடலாம்; தோற்றால் விலகலாம். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி விலகியவர் அதே தொழிலைத் தனியே நடத்தலாம். மாறான ஒப்பந்தம் இல்லையெனில், பழைய நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்துவதோ அதன் பழைய வாடிக்கையாளரை நாடி அழைப்பதோ ஆகாது. விலகியதைப் பொது அறிவிப்பால் தெரிவிக்கும்வரை, அவரைக் கூட்டாளியென நம்பிக் கடன் கொடுத்தவர்க்கு அவரும் பொறுப்பாவார்.