பச்சைச் சாயமும் பழைய சந்தேகங்களும்

உடற்பருமனுக்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ செல்லும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் குடும்பங்களில், கத்தியைக் குறித்து எழாத கலவரம், ‘ரத்தத்தில் ஏதோ பச்சைச் சாயம் ஏற்றுவார்களாம்’ என்ற பேச்சைக் கேட்டதும் எழுந்துவிடுவதுண்டு. அந்த அச்சத்தில் நியாயமான அம்சமும் சிறிது இருக்கிறது. ஆனால் ஜனங்கள் அஞ்சுவது ஒன்று, அஞ்ச வேண்டியது வேறொன்று.

இண்டோசயனின் கிரீன் என்னும் அந்தச் சாயம் நேற்று முளைத்த பரீட்சார்த்த வஸ்து அன்று. புகைப்படச் சுருளால் பெயர்பெற்ற கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1955-இல் உருவாகி, 1959-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்று, ஈரல், இருதயம், கண் ஆகியவற்றின் பரிசோதனைகளில் நெடுங்காலம் பழகிய பிறகே அது இரைப்பை அறுவைக்கு வந்தது. சிரையின் வழியே ஏற்றப்பட்டு, ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஓடும் அதன்மேல், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பை அடுத்த ஒளியைப் பாய்ச்சினால், தையலிட்ட விளிம்புவரை ரத்தம் செல்கிறதா என்பதை மருத்துவர் திரையிலே பிரத்தியட்சமாகக் காண்கிறார். அதில் எக்ஸ்-கதிரும் இல்லை, கதிரியக்கமும் இல்லை.

‘சாயம் கிட்னியைக் கெடுத்துவிடும்’ என்பதே எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. சி.டி. ஸ்கேனுக்கு முன் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியே இதற்கு மூலம். அம்மருந்து சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால் கிரியேட்டினின் அளவைப் பார்த்த பிறகே போடுகிறார்கள். சர்க்கரை நோயாளிகள் உள்ள வீடுகளில் இந்த எச்சரிக்கை பழகிப்போய், சாயம் என்ற பெயருள்ள எதற்கும் அதையே பொருத்திவிடுகிறார்கள். பச்சைச் சாயமோ சிறுநீரகத்தின் வாசலை மிதிப்பதில்லை. ஈரல் அதைப் பிரித்துப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடுகிறது. மூன்று நான்கு நிமிஷங்களுக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ஆகவே விசாரிக்க வேண்டியது ஈரலைத்தான்: அது மிகவும் பழுதுபட்டிருந்தால் வெளியேற்றம் தாமதப்படும்.

மரக்காணத்து இறாலைத் தின்று உடம்பில் தடிப்பு கண்டவருக்கு இச்சாயம் ஆகாது என்பது இன்னொன்று. இறாலில் ஒவ்வாமையை விளைவிப்பது அதன் புரதமேயன்றி அயோடின் அன்று. ஆயினும் இம்மருந்தில் சோடியம் அயோடைடு சிறிது கலந்திருப்பது வழக்கமாதலால், அயோடின் சம்பந்தமான மருந்தினால் முன்பு அரிப்போ மூச்சுத்திணறலோ கண்டவர் அதை அவசியம் சொல்லிவிட வேண்டும். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம். ஆனால் நேர்ந்திருக்கிறது, மரணமும் பதிவாகியிருக்கிறது. துளியும் அபாயமில்லை என்று சத்தியம் செய்கிறவரை நான் நம்பமாட்டேன்.

இவற்றிலெல்லாம் விபரீதமானது, ‘சாயம் ஒளிர்ந்துவிட்டது, இனித் தையலில் கசிவே வராது’ என்ற எதிர்த்திசை நம்பிக்கை. ஒளிர்வு அந்த வேளையின் ரத்தவோட்டத்தைச் சொல்லுமேயல்லாது, தையல் பல நாள் தாங்குமா என்பதைச் சொல்லாது. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தபோது, அரசு விசாரணையில் கேள்விக்குள்ளானவை மருத்துவமனையின் அவசர வசதிகளே. சாயத்தைப் பற்றிக் கேட்பவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றியும் கேட்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியவருக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, இடது தோள்வலி, தணியாத வேகமான நாடித்துடிப்பு இவற்றில் ஒன்று கண்டாலும், வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திராமல், அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே சேர்த்துவிடுங்கள்; அதற்கு வழியில்லையென்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்காவது, டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு, தாமதியாமல் போய்விடுங்கள்.