கிராமக் கணக்கும் சரக்குக் கணக்கும்

சாத்தான்குளம் சுற்றுக் கிராமங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் நாம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை சர்க்கார் காரியம் என்று ஒதுக்கிவிடுகிறோம். 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் ஊர்வாரியாக விவரம் இருக்கிறது. வியாபாரிக்கு அதில் மூன்று விவரங்கள் முக்கியம்.

1. வீடுகள்: அரிசி, பருப்பு தலைக்கணக்கில் விற்கும், தீப்பெட்டி, விளக்குமாறு அடுப்புக் கணக்கில்தான் விற்கும். ஆகவே ஆள்தொகையோடு வீட்டுத்தொகையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. வேலை: ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்வோரைத் தனியாகக் காட்டியிருப்பார்கள். பனையையும் மழையையும் நம்பிய ஊரில் இவர்கள் அதிகமிருந்தால் மாதத் தவணை சரிவராது. பதநீர்க் காலம், அறுவடைக் காலம் பார்த்தே பாக்கி வசூலிக்க வேண்டும்.

3. பஸ்: ஊரில் பஸ் இல்லையென்றால் அது 5 கி.மீ.க்குள்ளா, 10 கி.மீ.க்குள்ளா, அதற்கும் அப்பாலா என்று குறித்திருக்கும். பஸ் இல்லாத ஊரில் சின்னக் கடைதான் எல்லாம். பஸ் வந்துவிட்டால் மாதச் சாமானுக்கு மக்கள் டவுனுக்கு வருவார்கள். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஊர்க் கடைக்கு அவசரச் சாமான் வியாபாரமே மிஞ்சும். இதையறியாமல் பழைய அளவில் சரக்கை ஏற்றினால் கடைக்காரர் முதல் முடங்கும். நம் பாக்கியும் முடங்கும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள். அந்த விவரம் கைக்கு வரும்வரை, ஊரின் ரேஷன் கார்டு எண்ணிக்கையையும் பஸ் நேரத்தையும் கடைக்காரரிடமே கேட்டுப் பேரேட்டில் அவர் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.