பிளவுக்குள் அரைபடும் கற்கள்

நிலநடுக்கம் என்றதும், கத்தியால் வெட்டியதுபோன்ற ஒரே கோட்டின் வழியே இரண்டு பெரும்பாறைகள் உராய்ந்து நழுவும் சித்திரமே படித்தவர் மனத்திலும் எழுகிறது. ஆனால், கலிபோர்னியாவின் ஸான் ஆண்ட்ரியாஸ் பிளவைப் பார்க்ஃபீல்டு என்ற ஊரருகே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை துளையிட்டு 2007ஆம் ஆண்டில் மேலே கொணர்ந்த மாதிரிகளில், பாறைக்கும் பாறைக்கும் நடுவே நொறுங்கிய கற்களும் களிமண்ணும் கலந்த அடுக்குகள் இருக்கக் கண்டார்கள்.

அப்படியானால், லட்சக்கணக்கான ஆண்டுகள் அரைபட்ட அக்கற்கள் உரலில் இடித்த அரிசியைப்போல ஒரே சீரான மாவாகியிருக்க வேண்டுமல்லவா என்று கேட்பது நியாயமாகத் தோன்றினும், பிரத்தியட்சம் அதற்கு நேர்விரோதமானது. தன்னைவிடச் சிறிய துகள்கள் நாற்புறமும் அணைத்து நிற்கையில், பெரிய கல்லின்மீது விழும் பாரம் பல முனைகளில் பகிரப்பட்டு அது தப்பிவிடுகிறது. தன்னை ஒத்த பருமனுள்ள அண்டைக்கல் வந்து முட்டுகையில்தான், பாரம் ஓரிரு புள்ளிகளில் குவிய, உள்ளே இழுவிசை பிறந்து கல் பிளக்கிறது. (பெரியவனைப் பெரியவன்தான் வீழ்த்துகிறான் என்று விளையாட்டாகச் சொல்லலாம்.) கல் பிளக்கும் இவ்விதத்தை 1987இல் ஸாம்மிஸ், கிங், பீகல் ஆகிய ஆய்வாளர் மூவர் எடுத்துரைத்தார்கள். சம அளவுள்ள அண்டைகள் ஒவ்வொரு படியிலும் இவ்வாறு அழிந்துபோவதால், பிளவுத்தூளை எத்தனை மடங்கு பெருக்கிப் பார்த்தாலும் பெரியதும் சிறியதும் கலந்த அதே தோற்றமே காணப்படுகிறது.

கற்கள் இப்படி அரைபடுவதைக் கணிப்பொறியில் பாவனை செய்தும் பார்க்கிறார்கள். கணிப்பொறி இங்கே என்ன செய்கிறது? கண்டால், ஸ்ட்ராக் என்ற ஆய்வாளர் இருவர் 1979இல் வெளியிட்ட முறைப்படி, ஒவ்வொரு துகளின்மீதும் அண்டைத் துகள்கள் செலுத்தும் விசையைக் கணித்து, நியூட்டனின் விதியால் அதனை அணுவளவு நேரத்துக்கு நகர்த்தி, மீண்டும் மீண்டும் அதையே செய்கிறது. கல் உடைவதைக் காட்ட, சிறு உருண்டைகளைப் பிணைப்புகளால் ஒட்டிக் கல்லாக்கி, தாங்கும் வலிமை மீறினால் பிணைப்பு அறும்படி வைக்கிறார்கள். ஏபேயும் மேரும் 2005இல் இம்முறையை முப்பரிமாணத்தில் செய்துகாட்டினார்கள். கல் நடுவே பிளப்பதும், விளிம்பு தேய்ந்து உதிர்வதும் வெவ்வேறு வினைகள் என்பதை இத்தகைய பாவனைகள் தெளிவாக்கின. முன்னது அழுத்தம் மிகுந்த இடத்தில் மேலோங்குவது.

எனினும், திரையில் கண்டதெல்லாம் பூமிக்கும் பொருந்தும் என்ற அபிப்பிராயம் ஏற்கத்தக்கதன்று. தட்டையான வட்டங்களை மட்டும் உருட்டிப் பார்த்த முந்தைய பாவனைகளில் உராய்வுக்கெழு ஏறத்தாழ 0.3 எனக் கிடைத்தது. ஆய்வுக்கூடத்திலோ கண்ணாடி உருண்டைகளுக்கு 0.45 அளவும், கோணல்மாணலான மணலுக்கு 0.6 அளவும் கிடைக்கின்றன. வட்டம் எளிதில் உருளும், கூர்முனைக் கல் உருளாது என்பதே இதன் காரணம். மேலும், பாவனையின் மிகச் சிறிய உருண்டை உடைவதில்லை. இயற்கைக்கோ அங்ஙனம் ஒரு கட்டாயமில்லை.

ஆதலால், கணிப்பொறியில் கற்களை உடைத்துப் பார்த்து அடுத்த நிலநடுக்கத்தின் நாளைக் குறித்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால் வாசகர்கள் நம்ப வேண்டாம். சில மில்லிமீட்டர் தடிப்புள்ள அடுக்கின் நடத்தையை விளக்கும் இந்தக் கணக்கு, பல நூறு கிலோமீட்டர் நீண்ட பிளவு எப்போது நழுவும் என்பதைச் சொல்வதில்லை.