விலங்கு நடத்தையியல்: முதுநிலையில் பயில விழைவோர்க்குச் சில குறிப்புகள்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பட்டறை ஒன்றில் பணிபுரியும் பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு எம் இல்லம் தேடி வந்தார். அவர்தம் மகள் விலங்கியலில் இளநிலைப் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருந்தார். எம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்றவர். மேற்படிப்பில் விலங்குகளின் நடத்தையை ஆராய வேண்டும் என்பது அப்பெண்ணின் விருப்பம். “நாயும் காக்கையும் என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்கு இரண்டு வருஷப் படிப்பா சார்?” என்றார் தந்தை. வினா நியாயமானதே. விடை கூறும் தகுதிதான் எமக்கு அன்று இருக்கவில்லை. நூல்களைப் புரட்டியும், விலங்கியல் துறை நண்பர்களை நச்சரித்தும் யாம் அறிந்துகொண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

விலங்கை உற்றுநோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பகுக்கிறது. இளமைப் பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் என விரிக்கிறது. பெண்ணை மரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைக் குறுந்தொகைப் புலவர் கண்டிருக்கிறார். ஆயினும் புலவர் அக்கூட்டைக் கண்டது காதலைக் கூறுதற்பொருட்டு. நடத்தையியல் மாணவர் காண வேண்டுவது கூட்டையே.

டச்சு அறிஞர் நிக்கோ டின்பர்கன் 1963இல் எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்று. ஒரு செயலைக் கண்டால் அதனை உடனடியாகத் தூண்டியது எது, அச்செயல் அவ்வுயிரின் வளர்ச்சியில் எவ்வாறு உருவாயிற்று, அதனால் உயிருக்கும் அதன் வழித்தோன்றலுக்கும் என்ன பயன், மூதாதையரிடமிருந்து அது எவ்வாறு வந்தது என நான்கு கோணங்களில் வினவ வேண்டும் என்றார் அவர். 1973இல் லோரன்ஸ், வான் ஃபிரிஷ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். “குருவி ஏன் கூடு கட்டுகிறது?” என்னும் ஒரு வினா நான்காகப் பிரிவதைக் கண்டபோது எமக்கு வியப்பு மேலிட்டது.

நம் மண்ணில் நிகழ்ந்த ஆய்வு ஒன்றைக் காண்போம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன், விலங்குகளின் உடலுக்குள் இயங்கும் காலக்கடிகாரத்தை ஆராய்ந்து வந்தார். ஜெர்மனியில் பியூனிங் என்னும் அறிஞரிடம் பயிற்சி பெற்றவர் அவர். அவருடைய மாணவர் ஜி. மாரிமுத்துவும் பிறரும் இலைமூக்கு வௌவால்களை எடுத்துக்கொண்டனர். குகைக்குள் எப்போதும் இருள். கதிரவன் மறைந்ததை உள்ளே இருப்பது அறிய வழியில்லை. கூட்டில் அடைத்த வௌவாலை, பிற வௌவால்கள் தடையின்றி வந்துபோகும் குகையில் வைத்தனர். மாலைதோறும் அவை புறப்படும் வேளையை ஒட்டியே அடைபட்டதும் சிறகடித்தது. வேறு வௌவால் இல்லாத குகையில் தனித்து வைத்தபோதோ அதன் கடிகாரம் நாளுக்கு நாள் விலகிச் சென்றது. ஒளி மட்டுமன்று, இனத்தின் உடனிருப்பும் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது என்னும் முடிவு 1981இல் வெளியாயிற்று. இதற்கு வேண்டியிருந்தவை குகை, கூடு, பதிவுக்கருவி, பொறுமை ஆகியவையே. எளிய ஆய்வு போலத் தோன்றும்; தனித்த குகையையும் உடன் வைத்து ஒப்பிட்டதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது.

பட்டம் இன்றியும் இத்துறையில் சாதித்தவர் சாலிம் அலி. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் இந்திய விலங்கியல் அளவைத் துறைப் பணி அவருக்குக் கிட்டவில்லை. பெர்லினில் ஸ்டிரெசுமனிடம் பயின்று திரும்பிய பின்னும் வேலை இல்லை. பம்பாய்க்கு அருகே கிஹிம் கடற்கரை வீட்டில் தங்கி, 1930இல் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் கூட்டைப் பாதி பின்னுகிறது. பெண் வந்து பார்த்து ஏற்றால் மட்டுமே கூடு முழுமை பெறுகிறது. பின்னர் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையைத் தேடுகிறது. இதனை அவர் வெளியிட்டது வேலையற்றிருந்த காலத்து உழைப்பின் பயன். இதைக் கேட்ட தந்தை, “அப்படியானால் படிப்பே வேண்டாமே” என்றார். யாம் சற்றே திகைத்தோம். அக்காலம் வேறு, இன்று புள்ளியியல் இன்றி ஓர் ஆய்வும் அச்சேறாது என்று விளக்க வேண்டியதாயிற்று.

மாணவர் கற்க வேண்டிய முதற்பாடத்தை யாமே கற்றோம். நண்பர் ஒருவர் எம்மிடம் குறிப்பேட்டைத் தந்து, ஒரு தெருநாயை அரைமணி நேரம் கவனித்து எழுதச் சொன்னார். கூட்டத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்து, குறித்த நேரம் வரை அதனையே தொடரும் முறை இது. ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரைக்குப் பின் உலகெங்கும் நிலைபெற்றது. யாம் “நாய் சினத்துடன் நோக்கியது” என்று எழுதினோம். நண்பர் “சினத்துடன்” என்பதை அடித்துவிட்டார். காது எவ்வாறு இருந்தது, வால் எங்கே இருந்தது, எத்தனை நொடி என்று கேட்டார். எம்மிடம் விடை இல்லை. உள்ளுறை தேடிப் பழகிய தமிழாசிரியர்க்கு இது சற்றுக் கசப்பான மருந்துதான்.

வேலைவாய்ப்பைப் பற்றி மறைக்க விரும்பவில்லை. இப்பெயரிலேயே முதுநிலைப் பட்டம் தரும் இடங்கள் மிகச் சில. பெரும்பாலோர் விலங்கியல் முதுநிலையில் சேர்ந்து, இதனை ஒரு தாளாகவோ ஆய்வேடாகவோ எடுக்கின்றனர். மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனம் ஆகியவை வனவுயிர்க் கல்விக்குப் பெயர் பெற்றவை. அதன்பின் தேசியத் தகுதித் தேர்வு, ஆய்வு உதவித்தொகை, முனைவர் பட்டம் என வழி நீண்டது. ஊதியம் தாமதமாகவே வரும். உடனே வருவாய் வேண்டிய குடும்பம் இதனை முன்னரே கணக்கிட வேண்டும். இரவுக் களப்பணிக்குப் பெண்பிள்ளையை அனுப்புவது எப்படி என்று தந்தை கேட்டதும் புறந்தள்ளத் தக்கதன்று. துணையோடு செல்லும் ஆய்வுக்குழு எது, வழிகாட்டி யார் என்று விசாரித்த பின்னரே சேர வேண்டும்.

அப்பெண் இப்போது விண்ணப்பித்திருக்கிறார், முடிவு வரவில்லை. ஊர்ப்புறத்து அரசமரம் ஒன்றில் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் புறப்படும் நேரத்தை நாள்தோறும் குறித்து வருகிறார். மஃரிப் தொழுகை முடித்துவரும் தந்தை அவருக்குத் துணையாக நிற்கிறார். சென்ற வாரம் எம்மைக் கண்டபோது, மேகம் மூடிய நாளில் அவை முன்னதாகவே கிளம்புகின்றனவே, அது ஏன் என்று அவர்தாம் கேட்டார்.