கொடுத்ததைக் கெடுக்காத நிரல்

ஃபங்ஷனல் புரோகிராமிங் கற்க வருகிறவர்களில் அநேகர், ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் மேப், வேண்டியதைப் பொறுக்கித் தரும் ஃபில்டர் என்னும் இரண்டு பெயர்களை மனனம் செய்த மாத்திரத்தில் வித்தை கைவந்துவிட்டதாகத் திருப்தி கொண்டு, பிறகு தம் நிரல் காலையில் ஒரு விடையும் மாலையில் வேறு விடையும் தருவது கண்டு திகைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 1930களில் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா கால்குலஸைப் பிறப்பிடமாகக் கொண்ட இம்முறையின் பிரதான லட்சணம், ஒரு செயற்கூறு தன்னிடம் கொடுக்கப்பட்டதைக் கொண்டே விடை கணிக்க வேண்டும், வெளியே ஒன்றையும் மாற்றலாகாது என்பதுதான். பைத்தானிலேயே இதைப் பழகலாம்.

முதற்காரியமாக, கணக்கிடும் பகுதியைத் திரையில் அச்சிடும் பகுதியினின்றும் பிரித்துவிடுங்கள். இது எல்லோருக்கும் எளிதில் வருகிறது.

இடறும் இடம் அடுத்தது. ‘விலை’ என்ற பட்டியலில் 40, 15, 60 என்று இருக்க, ‘நகல் = விலை’ என எழுதிவிட்டு, நகலைத்தானே சார்ட் கொண்டு வரிசைப்படுத்துகிறோம் என்று நிம்மதியாக இருப்பவர், சற்றுப் பொறுத்து விலையை அச்சிட்டுப் பார்த்தால் அதுவும் 15, 40, 60 என்று மாறிக் கிடக்கும்; ஏனெனில் அந்தச் சமக்குறி புதிய பட்டியல் எதையும் சிருஷ்டிக்கவில்லை, இருந்த பட்டியலுக்கே இன்னொரு பெயர் சூட்டியது. ஆகவே சார்ட்டை விடுத்து, மூலத்தைத் தொடாமல் புதுப் பட்டியல் தரும் சார்ட்டெட்டைப் பிரயோகியுங்கள். பட்டியலுக்குள் பட்டியல் இருக்கும் சந்தர்ப்பத்தில் சாதாரண காப்பி வெளிக்கூட்டை மாத்திரம் பிரதி செய்யுமாதலால், உள்ளிருப்பவை இரண்டுக்கும் பொதுவாகவே நிற்கும். அங்கே உள்ளிருப்பவற்றையும் பிரதி செய்யும் டீப்காப்பி அவசியம். மாறக்கூடாத விவரத்தை ஆரம்பத்திலேயே, மாற்றவியலாத பட்டியலாகிய டூப்பிளில் வைத்துவிடுவது என் நியதி. இவ்வளவு தொல்லையும் அதனால் குறையும்.

இதன் பிறகு மேப்பும் ஃபில்டரும் சிரமம் தருவதில்லை. ஆயினும் பைத்தான் 3-இல் மேப் தருவது பட்டியலன்று. ஒருமுறை எடுத்தால் தீர்ந்துபோவது. அதன் கூட்டுத்தொகையை இரண்டாம் முறை கேட்டால் 0 வரும். அந்த 0 எங்கிருந்து வந்ததென்று தேடி ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இழந்தவன் நான். லிஸ்ட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பட்டியல் முழுவதையும் ஒரே மதிப்பாகச் சுருக்கும் ரெட்யூஸ். ஃபங்டூல்ஸ் என்னும் தொகுதியிலிருந்து அதை வரவழைத்து, கூட்டலாயின் 0, பெருக்கலாயின் 1 என்று தொடக்க மதிப்பை மூன்றாம் இடத்தில் தவறாமல் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால், வெற்றுப் பட்டியல் வந்து சேரும் நாளில் டைப்எரர் என்று நிரல் நின்றுவிடும்.